ஷாஹித் போட்ட பந்து

8 ஏப்ரல் 2025, செவ்வாய்

ஓடும் கப்பலில் உயரத்திலிருந்து பந்தைப் போட்டால் எங்கே விழும்? நேர் கீழே என்று வகுப்பில் சொன்னேன். அமீரா ஒப்புக்கொள்ளவில்லை.

“பின்னாடிதான் டீச்சர் விழும். பந்து கீழ வர்றதுக்குள்ள கப்பல் போயிடும்லா.”

ஜூரோங் பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரும் ரயிலில் ஷாஹித்துக்கு மெசேஜ் போட்டேன். கப்பல் எஞ்சினியரைக் கட்டிக்கொண்டு வேறு யாரிடம் கேட்பது? சண்டைக்குப் பிறகு ஒன்பது நாள் கழித்து நான் அனுப்பும் முதல் மெசேஜ். ஜூன் லீவில் கூடவே கப்பலில் வரச் சொன்னார். ஆபீசர் மனைவிகள் வரலாமாம். ஐந்தாவது தடவையாகக் கேட்கிறார். “நீங்கதான் என்னை விட்டுட்டுப் போறீங்க. நான் இங்கேயேதான் இருக்கேன்” என்று போனை வைத்துவிட்டேன்.

11 ஏப்ரல்

வீடியோ வந்தது. எஞ்சின் அறையின் மேல்தளத்திலிருந்து, காற்று வீசாத இடத்தில், ஒரு டென்னிஸ் பந்து. எட்டு மீட்டர் விழ ஒண்ணேகால் வினாடி. அதற்குள் கப்பல் பதினோரு மீட்டர் முன்னே போயிருக்கும். ஆனாலும் கீழே சாக்பீஸால் போட்ட வட்டத்துக்குள்ளேயே விழுந்தது. கைவிட்ட பிறகும் பந்து கப்பலோடு கூடவே போயிருக்கிறது.

வகுப்பில் அமீரா வீடியோவை மூன்று முறை போடச் சொல்லிப் பார்த்தாள். நான் பந்தைப் பார்க்கவில்லை, அதை விட்ட கையைத்தான் பார்த்தேன். மணிக்கட்டு இளைத்திருக்கிறது. கடிகாரம் தொளதொளவென்று தொங்குகிறது.

12 ஏப்ரல்

இன்றைக்கும் எத்தனை தடவை பார்த்தேன் - எண்ணவில்லை.

27 ஏப்ரல், ஞாயிறு

அவருடைய கப்பல் இன்று சிங்கப்பூரைக் கடந்து போனது. இந்த முறை இங்கே நிற்காது. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“எல்லாம் ஒரே மாதிரி இருக்கு மச்சான்.”

“பச்சைக் கப்பல். எல்லாத்துக்கும் முன்னால பாரு.”

கண்டுபிடித்துவிட்டேன். விரல் நீளம்தான் இருந்தது.

“போறீங்க” என்றேன். அழக்கூடாது என்றுதான் இருந்தேன்.

“இங்கேருந்து பார்த்தா நீதான் போறே, முனீரா. கரையோட சேர்ந்து.”

சிக்னல் போய்விட்டது.

யார் நகர்கிறார் என்பது, பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது - வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு நான்தானே சொல்லித்தருகிறேன்? பதினொரு வருடமாக அவர் ஒருவர்தான் போகிறார் என்று எப்படி நினைத்தேன்? கூப்பிட்டாரே. ஐந்து தடவை கூப்பிட்டாரே.

28 ஏப்ரல்

ஜூனில் கூடப் போக, கப்பல் கம்பெனிக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பரீதா அக்கா சிரித்தாள். “பாத்தாம் தீவுக்குப் போற பெர்ரி போட்லயே வாந்தி எடுத்தவ நீ.”

“எடுத்தா எடுக்குறேன்க்கா.”

7 ஜூன், சனி. ஹஜ்ஜுப் பெருநாள்

பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில் கப்பல் ஏறி மூன்று நாள். வாந்தி நேற்றுதான் நின்றது. கண்ணுக்கெட்டிய வரை கரை இல்லை.

மாலை நான்கு மணிக்கு அவர் டியூட்டிக்குப் போனார். கேபினில் தனியாக இருக்கிறேன். காலடியில் தரை மெல்ல அதிர்ந்துகொண்டே இருக்கிறது. கீழே எஞ்சின், அதன் பக்கத்தில் அவர்.

எட்டு மணிக்குப் படியேறி வருவார். ஆறு தளம்தான்.