ராணுவ லாரியும் நாற்பத்திரண்டு கனெக்டர்களும்

மார்ச் 3
லாரி வந்து சேர்ந்தது. ராணுவம் ஏலத்தில் கழித்த வண்டி. என்னைவிட நான்கு வயதுதான் இளையது. தெருவே எட்டிப் பார்த்தது. முகப்பு விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. ஹாரன் அடித்ததில் எதிர்வீட்டுக்காரர் கையிலிருந்த கோப்பையைக் கீழே போட்டார். கதவைத் திறந்து வைத்து, டாஷ்போர்டில் இருக்கும் பெரிய லீவரைப் பிடித்தபடி கம்பீரமாக போட்டோ எடுத்துக்கொண்டேன். மனைவி இரண்டு படம் எடுத்தாள். இரண்டிலும் நன்றாகவே இருக்கிறேன்.

அவள் அக்காவுக்கு இருபத்தெட்டாம் தேதி இடுப்பு ஆபரேஷன். துணைக்கு இவளை விட்டால் ஆளில்லை. இருபத்தைந்துக்குள் அங்கே இருந்தாக வேண்டும். எடுத்து வைத்திருந்த பஸ் டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டேன். சொந்த வண்டி இருக்கும்போது பஸ் எதற்கு?

மார்ச் 4
விளக்கு எரியவில்லை. ஹாரனும் ஊமை.

குடிநீர் வாரியத்தில் முப்பத்தொரு வருடம் பழுது அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டவன் நான். பார்த்த மாத்திரத்தில் காரணம் தெரிந்துவிட்டது: கனெக்டர்கள். ஒயரும் ஒயரும் சேரும் ரப்பர் மூட்டுகளில் துருப் பிடித்திருக்கிறது. வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை.

மார்ச் 8
மொத்தம் நாற்பத்திரண்டு. ஒவ்வொன்றிலும் ஒயரைச் சுற்றி எண் பொறித்த சின்ன உலோக வளையம். பார்க்க அசிங்கம், வேலைக்கும் இடைஞ்சல். ஒவ்வொன்றாகக் கழற்றி வீசினேன்.

"நம்பர் போட்டிருக்குன்னா எதுக்காவது இருக்கும்ங்க," என்றாள்.

"எனக்குத் தெரியாதா?"

நோட்டும் தையல் நூலுமாக என் பின்னாலேயே வந்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். பொழுது போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 12
நாற்பத்திரண்டையும் உப்புத்தாளால் தேய்த்தாயிற்று. எரியவில்லை. ஒயர்களை என் யோசனைப்படி மாற்றி இணைத்தேன். அப்போதும் எரியவில்லை. முழங்கை மட்டும் எரிகிறது.

மார்ச் 15
பேட்டரிக் கடைக்காரர் வந்து பார்த்தார். "சார், கனெக்டர் ஒண்ணுகூட கெடல. வேற எங்கயோ இருக்கு. நாலு நாள் வண்டிய என்கிட்ட விடுங்க."

நான்கு நாளாம்! அனுபவம் போதாதவர் என்று முடிவு செய்து அனுப்பிவிட்டேன்.

மார்ச் 18
மாபெரும் வெற்றி. லாரியின் பின்னால், இழுவை வண்டியை மாட்டுவதற்கென்று பன்னிரண்டு ஊசி கொண்ட பெரிய சாக்கெட் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் ஒரு மின்விசிறியை இணைத்தேன். சுற்றுகிறது!

பிரேக்கை மிதித்தால் மட்டும்.

மனைவியை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்த்தி பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, பின்னால் படுத்துக் காற்று வாங்கினேன். கால் மணி நேரம் கழித்து முன்னாலிருந்து குரல் வந்தது: "அப்ப அக்கா வீடு வரைக்கும் பிரேக்க மிதிச்சுக்கிட்டேதான் போகணுமா?"

சாதனையை மதிக்கத் தெரியாத வீடு.

மார்ச் 22
பணி தொண்ணூறு சதவீதம் நிறைவு என்று தெரிவித்தேன். "விளக்கு?" என்றாள். அது மீதிப் பத்து சதவீதத்தில் வருகிறது என்று விளக்கினேன். துணிகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினாள்.

மார்ச் 24
போய்விட்டாள். பஸ்ஸில். உட்கார இடம் கிடைத்ததோ என்னவோ.

"மூணு வாரமா நாளைக்கு நாளைக்குன்னீங்க. அக்கா அங்க ஒத்தையா படுத்திருக்கா. உங்களுக்கு விளக்கு எரியணும், எனக்கு அக்காவப் பாக்கணும்." அவ்வளவுதான் சொன்னாள். கத்தியிருந்தால் பரவாயில்லை. நான் என்ன வேணும்னா செஞ்சேன்? அவளுக்காகத்தானே இந்த வண்டியே — இல்லை. பொய். எனக்காகத்தான் வாங்கினேன்.

மார்ச் 25
போன். எடுத்தால் அண்ணி, அவள் அக்கா. படுத்த படுக்கையாக இருந்தாலும் குரலில் குறைச்சல் இல்லை.

"மாப்ள, நீங்க லாரியில உக்காந்திருக்கிற ரெண்டு போட்டோவையும் இப்பதான் பாத்தேன். மொத போட்டோவுல அந்த லீவர் நேரா இருக்கு, விளக்கு எரியுது. ரெண்டாவதுல நீங்க ஸ்டைலாப் பிடிச்சதுல அது சாஞ்சிருக்கு, விளக்கு இல்ல. அத நிமித்திப் பாத்தீங்களா?"

பேட்டரிக் கடைக்காரரிடம் ஓடினேன். அவர் தெரிந்த ராணுவ டிரைவர் ஒருவரைப் போனில் கேட்டுவிட்டு, சிரிக்காமல் இருக்க முயன்றார், முடியவில்லை. போர்க்காலத்தில் எதிரி கண்ணில் படாமல் நகர்வதற்கான ஏற்பாடாம் அந்த லீவர். சாய்த்தால் பெரிய விளக்கும் ஹாரனும் அடங்கிவிடும். பிரேக்குக்கு மட்டும் பின்னால் கடுகளவு விளக்கு எரியும். என் விசிறி சுற்றியது அந்த மின்சாரத்தில்.

ஆக, மூன்று வாரமாக என் வீட்டு வாசலில் எதிரியிடமிருந்து ஒளிந்துகொண்டிருந்திருக்கிறேன்.

மார்ச் 26
லீவரை நிமிர்த்தினேன். மின்சாரம் வந்துவிட்டது, என் கைவண்ணத்தோடு. ஹாரனை அழுத்தினால் இடது விளக்கு எரிகிறது. விளக்கைப் போட்டால் ஹாரன் அலறுகிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திவிட்டார்.

எந்த ஒயர் எதனோடு என்று சொல்ல வளையங்கள் இல்லை. கத்தரிக்கோல் தேடி அவள் தையல் பெட்டியைத் திறந்தேன். உள்ளே நாற்பத்திரண்டு வளையங்களும் ஒரே நூலில் வரிசையாகக் கோத்துக் கிடந்தன. பக்கத்தில் நோட்டு. மஞ்சள் நூல், பதினேழு. சிவப்பு நூல், இருபத்திநாலு. இப்படி எல்லாம். ஓடிப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு ஒயரிலும் ஒரு கலர் நூல் கட்டியிருக்கிறாள். இத்தனை நாளும் அதைத் தள்ளித் தள்ளி வேலை செய்திருக்கிறேன்.

நோட்டு அட்டையில் அவள் கையெழுத்து: "அவர் கேட்டா குடுக்கணும்."

ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவே இல்லையே நான்.

மார்ச் 27
லாரிச் சாவியையும் நோட்டையும் பேட்டரிக் கடைக்காரரிடம் கொடுத்தேன். எத்தனை நாள் ஆகும் என்று கேட்கவில்லை. பஸ் ஏறினேன். பஸ்ஸில் எல்லா விளக்கும் எரிகிறது.

மார்ச் 28
ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "தப்புதான்," என்றேன். பக்கத்திலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள். உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 30
அண்ணியை உடம்பு தேறும்வரை இருக்க எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம், லாரியில். விளக்கு, ஹாரன் எல்லாம் அதனதன் இடத்தில். விசிறியை மட்டும் கழற்ற வேண்டாம் என்று அண்ணி சொல்லிவிட்டார். இறக்கத்தில் பிரேக் போடும்போதெல்லாம் பின்னாலிருந்து "ஆகா" என்று ஒரு குரல்.

லீவரைப் பழைய புடவைக் கிழிசலால் மூன்று முடிச்சுப் போட்டு நேராகக் கட்டி வைத்திருக்கிறாள் மனைவி. வாசலில் வந்து நின்றதும் போட்டோ எடுக்க இறங்கினாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கைய மடியில வெச்சுக்கங்க," என்றாள்.

வைத்துக்கொண்டேன்.