கொப்பியில் திருத்தாமல் விட்ட எண்

என் பிரியமான தம்பி குலம்,

நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிவிட்டது. உன் அறையை இந்தக் கிழமைதான் ஒதுக்கினேன். உன் வேட்டைத் துவக்கை, துப்பாக்கி உரிமம் உள்ளவரிடம் அப்போதே கொடுத்தாயிற்று. மிஞ்சியவை புத்தகங்கள். மான் வேட்டைக்குப் போகிறவனுக்கு இத்தனை புத்தகம் எதற்கு என்று முன்பு எரிச்சல்பட்டிருக்கிறேன்.

வெடிமருந்துக் கம்பனிகள் வெளியிட்ட தடித்த கையேடுகள் நான்கு. எந்தத் தோட்டாவுக்கு எந்த மருந்து, எவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று பக்கம் பக்கமாக அட்டவணைகள். தோட்டாக்களின் வெளிக்கூடான கோதுகளின் அளவுகளை வரைந்து காட்டும் பெரிய புத்தகம் ஒன்று. பிறகு உன் நீலக் குறிப்புக் கொப்பி. பிறம்ரன் நகரப் பட்டறையில் இரும்புக் கடைசல் வேலை முடித்து வந்து, எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரு தோட்டாவை அதில் நீயே வரைந்து, அதற்கு எவ்வளவு மருந்து என்ற எண்ணையும் எழுதியிருந்தாய்.

ஞாயிற்றுக்கிழமை உன் வேட்டைக் கூட்டாளி யோசேப்பு அண்ணை வோபர்னிலிருந்து வந்தார். நீ முன்பு கொடுத்த வரைபடத்தின்படி, அந்தத் தோட்டாவுக்கென்றே ஒரு துவக்கு செய்வித்துவிட்டாராம்; இனி மருந்தின் அளவுதான் வேண்டுமாம்.

"தங்கச்சி, கொப்பி மட்டும் தாங்கோ. உந்தப் புத்தகங்கள் என்னட்டையும் கிடக்கு."

"ஒரு நாள் பொறுங்கோ அண்ணை. பாத்திட்டுத் தாறன்."

நான் பாமசியில் நோயாளருக்கு மருந்து எடுத்துக் கொடுப்பவள். எழுதியதை ஒப்பிடாமல் எதையும் கைமாற்ற எனக்கு வராது.

மறுநாள் கையேடுகளைப் புரட்டினேன். உன் தோட்டாவுக்கு அடிப்படையான கோதின் பக்கத்தில், புதிய பதிப்பின் ஓரத்தில், உன் பென்சில் எழுத்து: 'எல்லையைக் குறைத்துவிட்டார்கள். கொப்பியில் திருத்த வேண்டும்.' கொப்பியில் பழைய எண்ணே இருந்தது. எப்போது எழுதினாய்? நெஞ்சுவலி வந்த அந்தக் கிழமையிலா? மறந்தாயா, நேரம் கிடைக்கவில்லையா?

உடனே அண்ணைக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னேன். அவர் தன் புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"என்னட்டைக் கிடக்கிறது பழைய பதிப்பு, தங்கச்சி. அதோடை ஒப்பிட்டிருந்தா சரியெண்டுதான் நினைச்சிருப்பன். முகத்துக்குக் கிட்ட வெடிக்கிற சாமான்."

அவர் வெடிமருந்துக் கம்பனிக்கும் அழைத்துக் கேட்டார். புத்தகத்தில் இல்லாத தோட்டாவுக்கு எண் சொல்ல மாட்டோம், அழுத்தம் அளக்கும் கருவி உள்ளவரிடம் கொடுத்துச் சோதியுங்கள் என்றார்களாம். அதுவரை அந்தத் துவக்கு பெட்டிக்குள். இந்த முறை தன் பழைய துவக்கோடும் கடைத் தோட்டாவோடும்தான் காட்டுக்குப் போகிறார்.

நீ இல்லாத நேரத்தில் உன் கையெழுத்து ஒரு மனிதரின் கண்ணைப் பறித்திருந்தால், அதை யாரிடம் போய்ச் சொல்லியிருப்பேன்?

உன் எண்ணை நான் அழிக்கவில்லை. குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு, புதிய பதிப்பின் பக்க எண்ணை எழுதி, கீழே என் பெயரையும் வைத்தேன். கொப்பியையும் புத்தகங்களையும் இனி ஒன்றைவிட்டு ஒன்று பிரிக்க மாட்டேன். பார்க்க வேண்டியவர்கள் என் மேசையருகே இருந்து பார்க்கட்டும். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் வாங்கி, உனக்காக நான் ஒப்பிட்டு வைப்பேன்.

உன் பிழைகளுக்கும் உரிமையுள்ள அக்கா,
மலர்