விறைப்பூசி தீர்ந்த நாளில் நீங்கள் சொன்ன கதை

என் அன்பு சலீம் நானாவுக்கு,

நாளை காலை என் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கப் போகிறார்கள். சீனி வருத்தம் இந்த நிலைக்குக் கொண்டுவந்து விட்டது. முதுகில் ஊசி போடுவார்களாம், நான் விழித்துத்தான் இருப்பேனாம். ஆயுளெல்லாம் தாதியாக நின்றவளுக்கு எலும்பை அறுக்கும் அந்த வாளின் சத்தம் தெரியாதா? நீங்கள் மௌத்தாகாமல் உயிரோடு இருந்திருக்கலாம், நானா.

மூதூரில் சண்டை நடந்த நாட்களில் ஒரே சத்திரசிகிச்சைத் தியேட்டரில் நின்றோம். நான் தாதி, நீங்கள் உதவியாள். ஓய்வறையில் கார் பற்றறியில் ஓடிய தொலைக்காட்சியில் அந்த வெளிநாட்டுப் பகிடித் தொடரைப் பார்ப்போம். எங்கோ ஒரு யுத்தம், கூடாரத்துக்குள் இராணுவ ஆஸ்பத்திரி, வாய் ஓயாத டொக்டர்மார். உங்களுக்கு இங்கிலீசு தெரியாது. பின்னால் கேட்கும் சிரிப்புச் சத்தத்தை வைத்துத்தான் எது பகிடி என்று கண்டுபிடிப்பீர்கள். டொக்டர்மார் ஆளை வெட்டித் தைக்கும் காட்சியில் மட்டும் அந்தச் சத்தம் நின்றுவிடும்.

“பாருங்க தங்கச்சி, அந்த நேரம் அவங்களும் சிரிக்கிறதில்ல” என்றீர்கள்.

நீங்களோ அந்த நேரத்தில்தான் சிரிக்க வைத்தீர்கள். நோ தெரியாமல் இருக்கப் போடும் விறைப்பூசி தீர்ந்துபோன ஒரு நாள் ஈச்சிலம்பற்று மீனவர் ஒருவருக்குத் தொடையில் தையல் போடவேண்டி வந்தது. தலைமாட்டில் நின்று அந்தத் தொடரைக் கதையாகச் சொன்னீர்கள், முழுவதும் உங்கள் சொந்தப் புளுகு. கூடாரத்து டொக்டரைக் கிண்ணியாவுக்குக் கொண்டுவந்து மாட்டுக்கு ஊசி போடவைத்தீர்கள். அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டே, “பிறகென்ன நடந்தது?” என்று கேட்டார்.

நாளைக்கு என் தலைமாட்டில் யார் நிற்பார்கள்?

நேற்று மகள் அதே தொடரைக் கைபேசியில் தேடி எடுத்துத் தந்தாள். அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்தது. நிறுத்திவிட்டேன்.

“கால எடுத்தாப் பிறகு சுகம் வந்திருமோ டொக்டர்?” என்று இன்று கேட்டேன்.

“பாப்பம் அம்மா” என்றார்.

இந்தப் “பாப்பம்” நாமும் எத்தனை பேருக்குச் சொன்னது, நானா. கிருமி மேலே ஏறிவிட்டது என்று எனக்கே தெரிகிறது. மகளுக்குத்தான் தெரியாது. காலோடு வருத்தமெல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்து, வீட்டில் சமைத்துக்கொண்டே என்னைப் பார்த்துக்கொள்ளக் கட்டிலைக் குசினிப் பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறாள்.

சிரித்துக்கொண்டு உள்ளே போவேன் என்று உங்களுக்கு வாக்குத் தர ஏலாது. எனக்குப் பயமாக இருக்கிறது, அழத்தான் போகிறேன். ஆனால் மகள் தியேட்டர் வாசல்வரை தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு வருவாள். கதவு சாத்தும்வரை அழமாட்டேன். அதற்கு மட்டும் வாக்கு.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
யோகம்