வேங்கைக் கட்டை

கயல் அப்பாவுக்கு,

நீங்கள் கொண்டுவந்த கட்டையைக் கடைசல் மெஷினில் ஏற்றினேன். "தேவாரம் ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்துல சாய்ஞ்சது, என்ன மரம்னு தெரியல" என்றீர்கள். சீவல் மஞ்சளாக உதிர்ந்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு பிடி அள்ளிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் நீலமாக மின்னியது. வேங்கைதான் அப்படி நிறம் காட்டும்; அது காட்டு மரம்.

வண்டியில் ஏற்றிவந்த தமிழ்மாறனைப் பிடித்துக் கேட்டேன். "மேகமலைக் காட்டுல வெட்டுனது மதினி. அண்ணந்தான் ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னாக" என்றான்.

போன வருடம் வனத்துறை உங்களைப் பிடித்தபோது ஜாமீனுக்கு அலைந்தவள் நான். இனிக் காட்டு மரத்தைத் தொடமாட்டேன் என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தீர்கள். இப்போது திருட்டு மரத்தை என் கையாலேயே கடைய வைத்துவிட்டீர்கள். ஊரை ஏமாற்றியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

கட்டையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வனத்துறை ஆபீசுக்குப் போகிறேன். யார் கொண்டுவந்தது என்று கேட்பார்கள். உங்கள் பெயரைத்தான் சொல்வேன்.

மாரீஸ்வரி

கயல் என் அம்மா வீட்டில் இருக்கிறாள். இன்றைக்கு அவளைக் கூப்பிடப் போக வேண்டாம்.

மொச்சைக் குழம்பு அடுப்பில் இருக்கிறது. வனத்துறைக்காரர்கள் வருவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள்.