பாதி இலை இறக்கம்

மார்ச் 4
இருபத்திரண்டு வருஷமாகப் படுக்கை விரிப்புகளுக்கு இலைக்கொடி வரைகிறேன். எத்தனையோ பேர் அதன் மேல் படுத்துத் தூங்குகிறார்கள், ஒரு ஆள்கூட உற்றுப் பார்த்ததில்லை. இன்று புது நூலகத்திலிருந்து கடிதம். மூன்று மாடிப் படிக்கட்டின் நடுவே தூண் மாதிரி நிற்பதற்கு என் கொடி வேண்டுமாம். நிற்பதற்கு! படுத்தே பழகியதை எப்படி நிறுத்துவது? 26ஆம் தேதிக்குள் அட்டையில் மாதிரி காட்ட வேண்டும். பிடிக்காவிட்டால் வேறு ஆள். நான் அதற்குள் அலுவலகம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன்.

மார்ச் 9
அட்டையில் வரைந்து, சுருட்டி நிறுத்தினேன். என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "சுருட்டி வச்ச விரிப்பு மாதிரியே இருக்கே?" கோபம் வந்தது. உண்மை என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

மார்ச் 13
இலைகளைச் சுற்றி வெட்டி, காம்பை மட்டும் விட்டு வெளியே மடக்கினேன். அடடா, நிழல் விழுகிறது! இத்தனை வருஷமும் நிழலையும் நான்தான் வரைந்தேன். இது தானாக விழுந்தது. சாப்பிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 17
எல்லாம் போச்சு.
பக்கத்து வரிசையைப் பாதி இலை அளவு கீழே இறக்கி வரைவது எங்கள் தொழில் வழக்கம். விரித்தால் கோடு கோடாகத் தெரியாது. ஆனால் சுருட்டி ஒட்டினால் இடது ஓரத்துக் கொடியும் வலது ஓரத்துக் கொடியும் பாதி இலை விலகி நிற்கின்றன. கட்டிலில் இந்த இரண்டு ஓரமும் ஆளுக்கொரு பக்கம் தொங்கும், ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. எனக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 18
தட்டைத் துணியைத் தோளும் கையுமாக மாற்றத் தெரிந்த ஆள் அடுத்த அறையில்தான் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள். என் நாத்தனார். ஜனவரியில் அவளிடம், "வெட்டித் தைக்கிறவங்களுக்கு வரையறதப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டுத் தொலைத்தேன். அன்றோடு பேச்சு நின்றது. எதுவானாலும் அவள் அண்ணன் வழியாகத்தான். "நான் என்ன தபால்பெட்டியா?" என்பார் இவர்.
இந்த வாயை என்ன செய்வது?

மார்ச் 19
அவள் கதவு வரை போனேன். தண்ணீர் குடிக்க வந்தவள் மாதிரி திரும்பிவிட்டேன்.

மார்ச் 21
போய்விட்டேன். "அன்னைக்கு நான் பேசினது தப்பு. மன்னிச்சுடு" என்றேன். அவள் நிமிரவில்லை. கையை மட்டும் நீட்டினாள். அட்டையை வாங்கிச் சுருட்டிப் பார்த்தாள்.
"அண்ணா, இந்த ஓரத்தப் பாதி இலை கீழ இறக்கி ஒட்டச் சொல்லு."
அவள் அண்ணன் வீட்டிலேயே இல்லை.
"அடி கோணலாயிடுமே?" என்றேன்.
"கடைசியில வெட்டிக்கலாம்னு சொல்லுண்ணா. பாவாடைக்கே அடிய நான் கடைசியிலதான் வெட்டறேன்."
இறக்கினாள், ஊசி குத்தினாள். ஓரத்தில் முடிந்த கொடி மேல் வரிசைக் கொடியோடு சேர்ந்தது. அது சுற்றிப் போய் அதற்கு மேல் வரிசையோடு. அடியிலிருந்து உச்சி வரை ஒரே கொடி! நான் வரையவே இல்லை அதை. அழுதுவிட்டேன். அவள் ஒரு துண்டுத் துணியை என் பக்கம் தள்ளினாள்.

மார்ச் 26
நூலகர் மாதிரியை மூன்று முறை சுற்றி வந்தார். "ஒரே கொடியா?"
"ஒரே கொடிதான் சார்."
"செஞ்சிடுங்க."
வீட்டில் இன்னும் அண்ணன் வழிதான். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 2
இன்று திறந்தார்கள். அலுமினியத் தகட்டில் மூன்று மாடி உயரம். இலைகளின் நிழல் சுவரெல்லாம். சொன்னபடி அடியைக் கடைசியில்தான் வெட்டினோம்.
நாத்தனாருக்கு முழங்கால் வலி. ஒரு மாடி ஏறவே முனகுவாள். கொடியின் தொடக்கத்தைக் கண்டுபிடித்து, அதிலேயே கண்ணை வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தாள். நாங்கள் கீழே நின்றோம். முதல் மாடி. இரண்டாவது. நூலகம் என்றும் பாராமல் உச்சியிலிருந்து கத்தினாள்:
"அண்ணி! இங்கதான் முடியுது! இன்னும் ஒரு இலை வச்சிருந்தா குறைஞ்சா போயிடுவீங்க?"
இவர் என்னைப் பார்த்தார். "தபால்பெட்டிய மூடிட்டாங்க போல."
"இரு, வர்றேன்!" என்று நானும் கத்திக்கொண்டே ஏறினேன்.