மீன் இல்லாமல் வீசிய சால்வை

மச்சான், உன் மூக்குக் கண்ணாடியை நேற்றுக் காலையில் நான் போட்டுப் பார்த்தேன். மூக்கில் நிற்காமல் வழுக்கியது. என் சப்பை மூக்கைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. உடைந்த ஒரு காலைத் தூண்டில் தங்கூசி நரம்பால் கட்டி வைத்திருந்தாய். அதோடு ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டுத் தென்னை, பள்ளிவாசல் மினாரா, கம்பியில் காயும் துணி. கழற்றிவிட்டும் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. அது வெறும் கண்ணாடி.

உன் மகள் தேத்தண்ணீரோடு வந்து நின்றாள். "வாப்பா கடக்கரைக்குப் போகக்குள்ள மட்டும்தான் சாச்சா இதப் போடுவாரு. வீட்டுல குர்ஆன் ஓதக்குள்ள கழட்டி வெச்சிருவாரு. பொடி எழுத்தெல்லாம் கண்ணாடி இல்லாமத்தான் ஓதுவாரு" என்றாள். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே கோப்பையை வாங்கினேன். தேத்தண்ணீர் கொஞ்சம் மடியில் சிந்திவிட்டது.

ஏன் சிந்தியது என்று உனக்கு விளங்கும். உனக்குப் பார்வை மங்கிவிட்டது, கண்ணாடி போட்டுவிட்டாய் என்று கொழும்பில் கேள்விப்பட்ட நாளில் நான் என்ன செய்தேன் தெரியுமா? அல்ஹம்துலில்லாஹ் என்றேன். சத்தமாகவே சொன்னேன். அப்படியென்றால் அவனுடைய கண் எப்படியும் போகத்தான் இருந்திருக்கிறது, நான் கெடுக்கவில்லை என்று ஆறுதல்பட்டேன். ஒரு சிநேகிதனின் கண் போனதற்கு அல்லாஹ்வைப் புகழ்ந்த நாய் நான். இத்தனை வருடம் அந்த ஆறுதலில்தான் நித்திரை கொண்டேன். நேற்று அதுவும் போயிற்று.

நான் இந்த முறை ஊருக்கு வந்த காரணத்தைச் சொல்கிறேன். நான் உன்னை வைத்து எடுத்த அந்த மீன்பிடி நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் மறுபடியும் போடப் போகிறார்களாம். நீ மௌத்தாகி மண்ணுக்குள் போனதை யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள், உன் நினைவாகவாம். முன்னால் நான் மூன்று நிமிடம் பேச வேண்டும், உன் வீட்டிலிருந்து ஏதாவது ஒரு பொருளையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பேச வேண்டிய விஷயம், நல்ல மீன்பிடி நிகழ்ச்சி என்றால் என்ன. என்னைப் போய்க் கேட்டிருக்கிறார்கள் பார்.

அந்தக் கேள்விக்கு நீ அப்போதே பதில் சொல்லியிருந்தாய். நான் கமராவும் கையுமாகச் சாய்ந்தமருதுக்கு வந்து இறங்கிய முதல் நாள், உன் வீட்டில் சோறு தின்றுவிட்டு இருவரும் டிவி பார்த்தோம். ஏதோ ஒரு நாட்டில் ஒரு வெள்ளைக்காரன் ஏரியில் ஒரு மீனைத் தூண்டிலில் பிடித்து, அதைத் தூக்கி முத்தம் கொடுத்து, திரும்பத் தண்ணீரில் விட்டான். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "அட அல்லாஹ்வே, இவனுக்கு வீட்டுல பொண்டாட்டி இல்லயாடா?" என்றாய். அடுத்த நிமிடமே அவன் இன்னொன்றைப் பிடித்தான். அப்போதுதான் முகம் மாறிச் சொன்னாய். "அரமணித்தியாலத்துல பத்து மீன் புடிச்சா அது கடல் இல்ல மச்சான், சந்த. நீ எங்கள எடுக்கிற எண்டா நாங்க பாத்துக்கிட்டு இரிக்கிறத்த எடு. புடிக்கிறது கொஞ்ச நேரம்தான். வெறும் வல வாற நாளையும் காட்டு."

நான் தலையாட்டினேன். மனதுக்குள், பார்த்துக்கொண்டு நிற்கிற மனிதனை எவன் பார்ப்பான் என்று நினைத்தேன். அன்றைக்கே உன் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

அந்தக் கடற்கரையில் உன் வேலையே பார்ப்பதுதான். பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே வாங்கில் இருந்தோம்; நான் படம் எடுக்கப் போனேன், நீ கடல் பார்க்கப் போனாய். கரைவலைக்காரர்கள் உன்னை மணல் மேட்டில் நிறுத்தியிருந்தார்கள். விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததிலிருந்து நீ அங்கே நிற்பாய். தண்ணீர் கறுப்பதையும், குருவிகள் தாழ்வதையும் பார்த்து, மீன் கூட்டம் கரைக்குக் கிட்ட வந்ததும் தோளில் கிடக்கும் சிவப்புச் சால்வையை எடுத்து வீசுவாய். அதற்குப் பிறகு ஒருவரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. தோணி இறங்கும், வலை வளையும், கரையில் நிற்பவனெல்லாம் கயிறு இழுக்க ஓடுவான். ஒரு வலை ஒருமுறை வளைத்தால் அன்றைக்கு அதன் முறை முடிந்தது. மீன் பட்டாலும் படாவிட்டாலும் அடுத்த வலைக்குத்தான் இடம். முப்பது வீட்டு உலை உன் கையில் இருந்தது. அதனால் அந்த மேட்டில் நின்றுகொண்டு நீ வேர்வை துடைக்கக்கூடச் சால்வையைத் தொடமாட்டாய். சட்டைக் கையால்தான் முகத்தைத் துடைப்பாய்.

படப்பிடிப்பின் கடைசி நாள் அவ்வக்கர் காக்காவின் வலைக்கு முறை. நமக்கெல்லாம் மூத்த அண்ணன் மாதிரி; அவர்தான் அந்தத் தோணிக்குத் தண்டயல். ஆட்களெல்லாம் அவர் சொல்லுக்குத்தான் துடுப்புப் பிடிப்பார்கள். விடியலிலிருந்து அஸர் தொழுகை நேரம் வரைக்கும் மீன் இல்லை. அவர்கள் தோணியடியில் சாய்ந்து கிடந்தார்கள். மறுநாள் காலையில் நான் கொழும்புக்குத் திரும்ப வேண்டும். நீ சால்வை வீசுகிற காட்சி மட்டும் என்னிடம் இல்லை. பின்னேர வெயில் உன் தோள் சால்வையில் விழுந்து கிடந்தது. அப்படியொரு வெளிச்சம் எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பிறகும் கிடைக்கவில்லை.

"ஒரு தரம் சும்மா வீசு மச்சான். எடுத்துக்கிட்டுப் போயிர்றன்."

"மீன் இல்லாம வீசப்படாது."

"அவங்க சாஞ்சி கெடக்காங்கடா. இது படத்துக்குத்தானே?"

"படத்துக்கு எண்டு கண்ணுக்குத் தெரியுமா? முதல்ல போய் அவ்வக்கர் காக்காக்கிட்டச் செல்லிட்டு வா. இது மெய்யில்ல, படம் எண்டு செல்லு. அவரு ஓம் எண்டாத்தான் வீசுவன்."

நான் மேட்டிலிருந்து இறங்கினேன். பாதி தூரம் போனேன். திரும்பிப் பார்த்தால் அந்த வெயில் மங்கத் தொடங்கியிருந்தது. தோணியடிக்குப் போய் வர இன்னும் ஐந்து நிமிடம் பிடிக்கும். நான் போகவில்லை மச்சான். பாதியிலேயே திரும்பி ஓடிவந்து கமராவைத் தூக்கினேன்.

"செல்லியாச்சா?" என்று கேட்டாய்.

"ஓம் ஓம், செல்லியாச்சி. வீசு, வீசு!"

நீ வீசினாய். என்னமாய் வீசினாய்! நான் கமராவுக்குள் மூழ்கிக் கிடந்தேன். அவ்வக்கர் காக்காவின் ஆட்கள் துள்ளி எழுந்து தோணியைத் தள்ளியபோது நீ கத்தினாய், கையை அசைத்தாய். காற்று எதிர்க்காற்று, அங்கே கேட்கவில்லை. நீ அசைத்த கையையும் அவர்கள் இன்னும் வேகமாகப் போகச் சொல்வதாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். நானோ அதையும் எடுத்தேன். மெய்யாக ஓடுகிறார்கள், நடிப்பில்லை என்று சந்தோசப்பட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குச் சந்தோசம்தான் வந்தது.

முப்பது பேர் மூச்சுப் பிடித்து இழுத்து முடித்த வலையின் மடியில் சொறிமீனும் பொலித்தீனும் கிடந்தன. பொழுது சாய்ந்து, மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் கீரி மீன் கூட்டம் கறுத்துக்கொண்டு வந்தது. அதை அடுத்த வலைக்காரர்கள் வளைத்தார்கள். அவ்வக்கர் காக்காவின் ஆட்கள் ஈர வலையில் குந்திக்கொண்டு அதைப் பார்த்திருந்தார்கள். கறிக்கென்று பை கொண்டு வந்தவர்கள் பையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போனார்கள்.

காக்கா மேட்டுக்கு ஏறி வந்தார். "டேய், என்னத்தக் கண்டுடா வீசினாய்?"

நீ என்னை ஒருமுறை பார்த்தாய். ஒரேயொரு முறைதான். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் கமராவின் மூடியைத் தேடுகிறவன் மாதிரிக் குனிந்தேன். அது என் சட்டைப் பையிலேயே இருந்தது.

"கண்ணு பிசகிட்டு காக்கா" என்றாய். "வெயில் பட்டுத் தண்ணி கறுப்பாத் தெரிஞ்சிச்சி."

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று மறுநாள் காலை உன் வீட்டு வாசலில் வைத்துக் கேட்டேன். "நீ என்ட விருந்தாளிடா. கடக்கரைல வெச்சி ஒன்னக் காட்டிக் குடுக்கவா? கண்ணு பிசகினதெண்டா நாலு நாளையில மறந்திருவாங்க" என்றாய். என்னைத் திட்டவில்லை. உன் மனைவி கட்டித் தந்த சோற்றுப் பார்சலையும் வாங்கிக்கொண்டு நான் பஸ் ஏறினேன்.

அவர்கள் மறக்கவில்லை. நிகழ்ச்சி டிவியில் போனது, நீ சால்வை வீசுவதுதான் முதல் காட்சி. எல்லோரும் புகழ்ந்தார்கள், எனக்குப் பதவி உயர்ந்தது. இங்கே நீ வீசினால் தோணிக்காரர்கள் ஒரு கணம் யோசிக்கத் தொடங்கினார்கள். மீன் கூட்டம் அந்த ஒரு கணத்துக்குக் காத்திருக்காது. ஆறு மாதத்துக்குள் மேட்டில் வேறொருவரை நிறுத்திவிட்டார்கள். "கண்ணக் காட்டு" என்று உன்னைக் கல்முனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நீ கயிறு இழுக்கிற வரிசைக்கு இறங்கினாய், மூக்கில் ஒரு கண்ணாடியோடு. சொன்ன பொய்யை நாளாந்தம் முகத்தில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறாய். மௌத்தாகும்வரைக்கும். எனக்காகத்தானா? இல்லை, தெரிந்துகொண்டே பொய்யாய் வீசினவன் என்ற பேரைவிடக் கண் கெட்டவன் என்ற பேர் மேல் என்று நினைத்தாயா? கேட்பதற்கு நீ இல்லை.

உன் ஜனாஸாவுக்கு வந்த அன்றும் நான் பிந்தித்தான் வந்து சேர்ந்தேன். மையவாடியில் மண் போட்டு முடித்திருந்தார்கள். மனிதனுக்கு மனிதன் செய்த அநியாயத்தை அந்த மனிதனே மன்னிக்க வேண்டும், படைத்தவன்கூட அவனைத்தான் கேட்கச் சொல்வான் என்று சின்ன வயதில் நாம் இருவரும் ஒன்றாக ஓதிப் படித்தோம். ஈர மண்ணைப் பார்த்துக்கொண்டு நான் என்னத்தைக் கேட்பது?

கண்ணாடியை உன் மகளிடம் கொடுத்துவிட்டு நேற்று அஸருக்குப் பிறகு கடற்கரைக்குப் போனேன். அவ்வக்கர் காக்கா இப்போது தோணி ஏறுவதில்லை. வாடிக் கொட்டிலின் நிழலில் இருந்து கிழிந்த வலை பொத்துகிறார். சலாம் சொல்லிவிட்டு அவர் முன்னால் மணலில் குந்தினேன். எப்படித் தொடங்குவது என்று வழி நெடுக ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் மறந்துபோயிற்று. பாதி வழியில் திரும்பியதை, செல்லியாச்சி என்று புளுகியதை, மூடி தேடியதை, எல்லாவற்றையும் கொட்டினேன். கண்ணாடியில் பவர் இல்லை என்பதையும் சொன்னேன்.

அவர் கத்துவார், அறைவார் என்றுதான் நினைத்தேன். அறைந்திருந்தால் எவ்வளவோ நல்லது. வலை பொத்துகிற ஊசியைக் கீழே வைத்தார்.

"அப்ப அவன்ட கண்ணுல பிழையில்ல எண்டு செல்றாய்?"

"பிழையில்ல காக்கா."

"ஒரு நாளும் இருக்கல்ல?"

"ஒரு நாளும் இருக்கல்ல."

மணல் மேட்டைக் கையால் காட்டினார். "அவனுக்குப் பொறகு நாலு பேர மேட்டுல நிப்பாட்டிப் பாத்திட்டம் தம்பி. ஒருத்தனுக்கும் அவன்ட கண்ணு வரல்ல" என்றார். பிறகு, "அவன மேட்டால எறக்குங்க எண்டு பள்ளிவாசல் முன்னுக்கு வெச்சி முதல்ல செல்லினது நான்தான்" என்றார். "அவன் கயிறு இழுக்கக்குள்ள கண்ணாடி விழுந்து அதுட கால் ஒடஞ்சிச்சி. நாங்க எல்லாரும் சிரிச்சம். நானும் சிரிச்சன்." அந்த வயதான மனிதர் சாரனின் நுனியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் அவருடைய கையைப் பிடிக்கப் போனேன். பிடிக்க எனக்கு என்ன தகுதி என்று விட்டுவிட்டேன்.

இன்று கொழும்புக்குப் பேசினேன். முன்னுரையில் இதைத்தான் சொல்லுவேன் என்றேன். நல்ல மீன்பிடி நிகழ்ச்சி என்றால் அதில் மீன் வராத நேரமும் வர வேண்டும். என்னுடையதில் அது வரவில்லை. முதல் காட்சியில் நீ வீசும்போது கடலில் மீன் இல்லை, வீச வைத்தவன் நான் என்றேன். மறுமுனையில் இருந்தவர் தயங்கி, "அதைச் சொன்னால் நிகழ்ச்சியைப் போடுவது கஷ்டம்" என்றார். போடாவிட்டால் உன் மகளுக்கு நீ நடமாடுகிற படம் டிவியில் வராது. அவளிடம் போய் நடந்ததையெல்லாம் சொல்லி, அதையும் சொன்னேன். அவள் கண்ணாடியைத் துடைத்து ஜன்னலில் வைத்தாள். பிறகு, "பொய்யா வீசுற வாப்பாவ எனக்குப் பாக்கத் தேவல்ல சாச்சா" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். கதவைச் சாத்தினாள். நான் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றேன்.

பாரத்தை இறக்கத்தான் கடற்கரைக்குப் போனேன் மச்சான். கொஞ்சமும் இறங்கவில்லை. அதே பாரம் என்னிடம் அப்படியே இருக்க, அவ்வக்கர் காக்காவின் தலையிலும் ஒன்றை ஏற்றிவிட்டேன். இன்று லுஹர் தொழுதுவிட்டு மையவாடிக்கு வந்தபோது அவர் எனக்கு முன்னமே வந்து உன் தலைமாட்டில் நின்றார். நானும் போய் நின்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. உன்னிடம் மாப்புக் கேட்க இதுவரைக்கும் நான் ஒருவன்தான் இருந்தேன். இப்போது இரண்டு பேர் இருக்கிறோம்.