கையில் சுற்றும் பட்டை

ஜூலை 8, செவ்வாய்

இது யார் கையில் கிடைத்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன், இந்தப் பக்கத்தோடு மூடிவிடுங்கள். அப்பாவிடம் காட்டாதீர்கள். என் தோழி மௌரீனிடம்கூட வேண்டாம். முக்கியமாக அம்மாவிடம்.

எல்லோரும் படுத்துவிட்டார்கள். எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இன்று பள்ளியில் ஹெல்த் செக்கப். பத்தாம் வகுப்பு முழுவதையும் வரிசையில் நிறுத்தினார்கள். எடை, கண், பல், கடைசியில் பிபி. பள்ளி நர்ஸ் அன்னா சிஸ்டர் என் கையில் பட்டையைச் சுற்றி ஒட்டினார். காற்று ஏற ஏற இறுகியது. திடீரென்று பர்ரென்று பிய்த்துக்கொண்டு கழன்றுவிட்டது. என் கை அதற்குள் அடங்கவில்லை. வரிசை முழுக்கச் சிரிப்பு. சிஸ்டர் மறுபடி சுற்றி, கழலாமல் தன் கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டார். மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உனக்கா இவ்ளோ? நூத்தி ஐம்பத்திரண்டு?"

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். பின்னாலேயே ஷ்ரேயாஸ் நின்றிருந்தான்.

"ஏய் குக்கர்! எஷ்டு விசில் ஆய்த்து?"

எத்தனை விசில் ஆச்சு என்று கன்னடத்தில் கேட்கிறான். அதன்பிறகு நான் எங்கே போனாலும் யாராவது உஸ்ஸென்று விசில் விட்டார்கள். மௌரீன், "கெடக்கறானுங்க, சும்னே இரு" என்றாள். அவளும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அடுத்த வியாழன் மறுபடி பார்ப்பார்களாம். அன்றும் அதிகமாக இருந்தால் வீட்டிலிருந்து ஆளைக் கூப்பிடுவார்களாம். "அதுக்கு முன்னாடி அம்மாகிட்ட நீயே சொல்லிடு" என்றார் சிஸ்டர். தலையாட்டினேன்.

சொல்ல மாட்டேன்.

ஜூலை 9, புதன்

சொல்லவில்லை.

காலையில் அப்பா வண்டிச் சாவியைத் தேடினார். அம்மாவைப் பார்த்துக் கத்தினார். "சௌமி, எங்க வச்சேன்னு சொல்லு, என் பிபிய ஏத்தாத!" எங்கள் வீட்டில் பிபி என்றால் கோபம். எனக்குக் கோபமே வராதே. ஷ்ரேயாஸ் கத்தியபோதுகூடச் சிரித்துத்தானே வைத்தேன்? அப்புறம் எப்படி எனக்கு?

போர்வைக்குள் போனில் தேடினேன். உப்பு, எடை, தூக்கம், பரம்பரை என்று வந்தது. அதற்குக் கீழே கிட்னி என்று இருந்தது. அணைத்துவிட்டேன்.

தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, ஒன்றுமே தெரியவில்லை. தெரியாமல் உள்ளே இருக்கிறது என்பதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 12, சனி

தயிர்சாதத்துக்கு மோர்மிளகாய் வேண்டாம் என்றேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஜுரமா? நீயா வேண்டாங்கிற?"

"டயட்மா."

"அப்பாடா. இப்பவாவது தோணிச்சே!"

பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூலை 13, ஞாயிறு

இதை எங்கும் எழுதக் கூடாது. எழுதுகிறேன்.

அம்மாவுக்கும் பிபி இருக்கிறது. இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். போன வருஷம் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அல்சூரில் ஒரு கிளினிக்குக்குப் போனாள். திரும்பும்போது, "அப்பாகிட்ட மூச்சு விடாத. முப்பத்தெட்டு வயசுல பிபின்னா சிரிப்பாங்கடி" என்றாள். மாத்திரை வெந்தய டப்பாவுக்குள், வெந்தயத்துக்கு அடியில் இருக்கிறது. தினமும் போடுவதில்லை. "தினம் போட்டா அப்புறம் அதில்லாம இருக்க முடியாது." டாக்டரைப் பார்க்கும் நாளுக்கு முன்னால் இரண்டு நாள் மட்டும் போட்டுக்கொள்வாள். டாக்டர் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு "வெரி குட்" என்பார். வெளியே வந்ததும் பாஸான பெண்போலச் சிரித்து எனக்கு மசாலா பூரி வாங்கித் தருவாள்.

முப்பத்தெட்டில் சிரிப்பார்கள் என்றால் பதினைந்தில்?

ஜூலை 16, புதன்

நாளைக்குத்தான் செக்கப். வெந்தய டப்பாவில் கைவிட்டு எடுத்துவிட்டேன். அம்மா இரண்டு நாள் போடுவாள். எனக்கு ஒரு காலைதான் இருக்கிறது. அதனால் இரண்டு மாத்திரை. விரலெல்லாம் வெந்தய வாசனை.

பாஸாகிவிட்டால் இந்த நோட்டைக் கிழித்துப் போட்டுவிடுவேன்.

ஜூலை 17, வியாழன்

விழுந்துட்டேன். எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அம்மாவோடதும். என்னால இன்னிக்கு எழுத முடியல.

ஜூலை 18, வெள்ளி

லீவு. அம்மா என் அறைக்கு வருகிறாள், தண்ணீர் வைக்கிறாள், போகிறாள். என் முகத்தைப் பார்ப்பதில்லை. நானும் பார்ப்பதில்லை.

நேற்று வெறும் வயிற்றில் இரண்டையும் விழுங்கிவிட்டு அசெம்பிளியில் நின்றேன். நல்ல வெயில். கர்நாடக மாநிலப் பாட்டின் பாதியில் முன்னால் நின்றவளின் ரிப்பன் இரண்டாகத் தெரிந்தது. அடுத்து நினைவிருப்பது பி.டி. மாஸ்டர் கிளிஃபர்ட் சாரின் குரல்: "இன்னும் ரெண்டு பேர் வாங்கப்பா, ஒருத்தனால தூக்க முடியாது." ஏன் அப்போது நினைவு வந்தது? தூக்கி முடித்தபிறகு வந்திருக்கக் கூடாதா?

ஆஸ்பத்திரிக்கு அம்மாவும் அப்பாவும் ஓடி வந்தார்கள். இப்போது பிபி ரொம்பக் குறைந்திருந்ததாம். டாக்டரம்மா என் கண்ணுக்கு நேரே குனிந்து, "ஏதாவது மாத்திரை போட்டியா? என்ன மாத்திரைன்னு தெரிஞ்சாதான் நான் வைத்தியம் பண்ண முடியும்" என்றார். இல்லை என்றேன். அப்பாவைப் பார்த்து, "வீட்ல யாருக்காவது பிபி இருக்கா?" என்றார்.

"எங்க வீட்ல யாருக்கும் இல்ல டாக்டர்."

நான் சுவரைப் பார்த்தேன். சொன்னால் அம்மா மாட்டிக்கொள்வாள். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"எனக்கு இருக்கு." அம்மாவின் குரல் என்றே எனக்குத் தெரியவில்லை. "ஒரு வருஷமா இருக்கு. என் மாத்திரையத்தான் போட்டிருப்பா." பையிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்து மாத்திரையின் பேரைச் சொன்னாள். அப்பா அவளைப் பார்த்தபடியே நின்றார்.

டாக்டரம்மா எனக்கு சலைன் ஏற்றச் சொல்லிவிட்டு, அம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்துப் பட்டையைச் சுற்றினார். நூற்று எழுபத்தாறு.

"இதை வச்சுக்கிட்டா நடமாடறீங்க?"

"எனக்கு ஒண்ணுமே தெரியலியே டாக்டர். நல்லாத்தானே இருக்கேன்? டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி மட்டும் மாத்திரை போட்டுப்பேன்."

"தெரியாதும்மா. அதுதான் இதோட குணம். நீங்க மாத்திரை போட்டு டாக்டருக்கு நம்பர் காட்ட வேண்டாம். மத்த நாள்லதான் ரத்தக்குழாய் கெட்டுப்போகுது."

அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவளை அந்த ஸ்டூலில் உட்காரவைத்தது நான்தான்.

ஜூலை 20, ஞாயிறு

சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது.

"என்கிட்ட ஏன் சொல்லல சௌமி?"

"நீங்க சிரிப்பீங்கன்னு."

 பிறகும் அம்மாதான் பேசினாள். "அவ கெட்ட பொண்ணு இல்லீங்க. நான் பண்றதப் பாத்துதான் அவளும் பண்ணியிருக்கா."

தலையணையால் காதை அடைத்துக்கொண்டேன். என்னைத் திட்டியிருந்தால் தேவலாம்.

ஜூலை 26, சனி

டாக்டரம்மாவிடம் மறுபடி போனோம். அலமாரியிலிருந்து அகலமான வேறொரு பட்டையை எடுத்தார். பின்னால் சாய்ந்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காரச் சொன்னார். பட்டை பிய்ந்துகொள்ளவில்லை.

"நூத்தி முப்பத்தினாலு. ஸ்கூல்ல சின்னப் பட்டை போட்டிருப்பாங்க. சின்னதா இருந்தா நம்பர் கூடக் காட்டும். தப்பு பட்டையோடது, கையோடது இல்ல."

கையோடது இல்ல. பஸ்ஸில் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆனால் இதுவும் என் வயசுக்கு அதிகம்தானாம். கிட்னி ஸ்கேனும் யூரினும் நன்றாக இருக்கின்றன. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம். நடை, தூக்கம், உப்பு குறைவாக. அம்மா பெருமையாக, "நாங்க இந்துப்புதான் போடறோம் டாக்டர்" என்றாள். "அதுவும் உப்புதாம்மா!" என்றார். அந்த நல்ல உப்பு உடம்புக்கு ஆகும் என்று அம்மா ஒரு பிடி கூடவே போடுவாள். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அம்மாவும் சிரித்துவிட்டாள்.

"ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குற?" என்று என்னைக் கேட்டார். இந்த நோட்டை நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இப்போதெல்லாம் சீக்கிரமே எழுதிவிடுகிறேன்.

ஷ்ரேயாஸ் இன்னும் குக்கர் என்றுதான் கூப்பிடுகிறான். நானும் கையை மறைக்கப் போட்டுக்கொள்ளும் முழுக்கை ஸ்வெட்டரை இன்னும் கழற்றவில்லை. மாத்திரை அட்டை வெந்தய டப்பாவிலிருந்து வெளியே வந்து, சாப்பாட்டு மேசையில் சர்க்கரை டப்பா பக்கத்தில் இருக்கிறது. அம்மா காலையில் எல்லோர் முன்னாலும் போட்டுக்கொள்கிறாள். முதல் நாள் அப்பா தண்ணீரை நகர்த்திவைத்துவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார்.

வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்கியிருக்கிறோம். கூடவே ஒரு பெரிய பட்டையும். எனக்காக என்றுதான் வாங்கினார்கள். அம்மாவின் கைக்கும் அதுதான் சரியாக இருக்கிறது. ராத்திரி இரண்டு பேரும் என் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறோம், அந்த ஐந்து நிமிஷம் பேசக் கூடாது. நேற்று அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவள் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. அவளிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. பேசக் கூடாத அந்த நேரத்தில்தான் கேட்க வேண்டும்போல வரு—

கதவைத் தட்டுகிறாள்.

"ஸ்னேஹி, இன்னிக்கு யார் கை முதல்ல?"

நோட்டை ஒளிக்க நேரமில்லை. பரவாயில்லை, இங்கேயே திறந்தபடி இருக்கட்டும்.